இறங்காத பேட்டரி

இரவு இரண்டேகால் மணி. தார் ரோடு முடிந்து, மண் பாதையும் முடிந்து, அதற்கும் அப்பால் ஓர் ஏரிக்கரை... கரண்ட் கம்பம் கிடையாது. போனில் ஒரு கோடு சிக்னல் கிடையாது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவரும் டிரெய்லர் வீடுகள் இரண்டே இரண்டு, இருபதடி இடைவெளியில் நின்றன. அந்த இருபதடியில் ஒருவன் குனிந்து நடந்துகொண்டிருந்தான். கையில் கேபிள்.

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் நண்பன் ஒருவனுடைய மச்சினனுக்கு நடந்தது. மச்சினன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பேட்டரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஆளை விடமாட்டான். வந்திறங்கிய அன்று சாயங்காலம் பக்கத்து டிரெய்லர் பெரியவர் மாட்டிக்கொண்டார். கடிகாரம் ரிப்பேர் செய்து ஓய்ந்த மனுஷர், மனைவியோடு வந்திருந்தார். நுரையீரல் கோளாறு. மூச்சு வாங்க வாங்க, மரியாதைக்காக ஒரு மணி நேரம் நின்று கேட்டார், பாவம்.

"பன்னெண்டு புள்ளி ஏழு காட்டினா ஃபுல்லு சார். பன்னெண்டு புள்ளி ஒண்ணுக்குக் கீழ எறங்க விட்டீங்கன்னா பேட்டரி போச்சு. நானெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டினதே இல்ல."

"எனக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது தம்பி," என்றார் பெரியவர். "ராத்திரி மூச்சு மிஷின் ஓடணும், அவ்வளவுதான். உங்களுக்கு எப்பவாவது தேவைன்னா கேளுங்க. கூச்சப்படாதீங்க."

"எனக்கா சார்?" என்று மச்சினன் சிரித்தான்.

அடுத்த இரண்டு நாளும் ஒரே மேகம். கூரை மேலிருந்த சோலார் பேனல் பேருக்குத்தான் கிடந்தது. ஆனால் நம் ஆள் ஃபிரிட்ஜை ஓட்டினான், ராத்திரியெல்லாம் படம் பார்த்தான், ஹீட்டர் விசிறியை நிறுத்தவே இல்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் தன் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி குளிர் அவனை எழுப்பியது. விசிறி நின்றிருந்தது. மீட்டரில்... பதினொன்று புள்ளி நாலு.

அவன் மனைவி போர்வைக்குள்ளிருந்து முனகினாள். "குளிருதுங்க... அந்தப் பெரியவர்கிட்ட காலையில கேட்டா குடுப்பாரு."

"நீ பேசாம படு."

கேட்டால் கொடுப்பார் என்று அவனுக்குத் தெரியாதா? கேட்டால் மீட்டரைக் காட்ட வேண்டுமே! எந்த முகத்தோடு காட்டுவது? அதைவிடத் திருடிவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். பேயைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

டிரெய்லருக்கு பேட்டரி வெளியேதான், முன்பக்கத்து இரும்புச் சட்டத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். பூட்டு கிடையாது. பெரியவருடைய பெட்டியைத் திறந்தபோது தலைக்கு மேல் ஜன்னல். தைல வாசனை. உள்ளே மூச்சு மிஷின்... ப்ஸ்ஸ்... டக். ப்ஸ்ஸ்... டக். 

சிவப்பு கிளிப்பை மாட்டினான். கறுப்பை மாட்டினான். இந்தப் பக்கம் தன் பேட்டரியில் மாட்டினான். அரை மணி நேரம், அரையே அரை மணி நேரம், அப்புறம் கழற்றிவிடலாம் என்று உள்ளே வந்து படுத்தான். விசிறி சுற்றியது. கதகதவென்று வந்தது. தூங்கிவிட்டான்.

நடுவில் ஒருமுறை காதில் விழுந்தது... கீ... கீ... கீ... என்று மெல்லிசாக. சார்ஜ் இறங்கினால் அவன் ஃபிரிட்ஜும் அப்படித்தான் கத்தும். நம்ம ஃபிரிட்ஜ்தான், கத்தட்டும், என்று தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டு போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டான். ரொம்ப நேரம் கத்தியது. அப்புறம் நின்றுவிட்டது.

விடிகிற நேரத்தில் விழிப்பு வந்தது. வெளியே அமைதி. ப்ஸ்ஸும் இல்லை, டக்கும் இல்லை.

ஓடினான். பெரியவரிடம் ஓடினான் என்றா நினைக்கிறீர்கள்? கேபிளிடம் ஓடினான். கழற்றினான், சுருட்டினான், கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் திணித்தான். திரும்பி வந்து படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பெரியவரின் மனைவி அலறும் வரைக்கும் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

அந்த அம்மாவுக்குக் காது மந்தம். காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவார். பக்கத்தில் மூச்சு மிஷின் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. தார் ரோடு வரை போய் போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்து, பெரியவரை ஏற்றிய பிறகு அந்த அம்மா மச்சினன் எதிரில் வந்து நின்றார்.

"ராத்திரி சமையல் மேடை லைட்டை அணைக்காம தூங்கிட்டேன் தம்பி. உங்களுக்குத்தான் பேட்டரி பத்தி எல்லாம் தெரியுமே... அந்த ஒரு லைட்டாலயா இப்படி ஆயிடுச்சு?"

சுண்டுவிரல் அளவு விளக்கு. பத்து ராத்திரி எரிந்தாலும் அந்த பேட்டரி அசைந்திருக்காது. அது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"ஆமாம்மா," என்றான் மச்சினன். "சில நேரம் அப்படி ஆயிடும்."

முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. டிரெய்லரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, பேனலைத் துணி போட்டு மூடிவிட்டான். இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று இருந்தான். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிரெய்லருக்குள் வெளிச்சம். சமையல் மேடை விளக்கு. போய்ப் பார்த்தான். மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஏழு.

அணைத்துவிட்டு வந்தான். மறுநாள் ராத்திரியும் எரிந்தது.

பேட்டரியைக் காலி செய்துவிடலாம் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டான். ஃபிரிட்ஜ், விசிறி, இருக்கிற அத்தனை விளக்கும். உள்ளேயே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு... ஐந்து... நாலு... அவனுக்கு உயிர் வந்தது. மணி இரண்டேகால் ஆயிற்று. தைல வாசனை அடித்தது. வெளியே, பேட்டரிப் பெட்டி இருக்கிற இடத்தில், கிளிப் கவ்வுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அப்புறம்...

ப்ஸ்ஸ்... டக்.

எண் ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக ஊதி ஊதி ஏற்றுகிற மாதிரி. கோபமாக ஏதாவது செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இது கொடுத்துக்கொண்டே இருந்தது. கூனிக் குறுகி, காதைப் பொத்திக்கொண்டு விடியும்வரை அழுதானாம்.

உண்மையைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று அந்த அம்மாவைத் தேடிப் போனான். இரண்டாவது மாடி. மாலை ஏழு மணி. கதவைத் திறந்தவர் கையில் டார்ச் இருந்தது. உள்ளே அறை, கூடம், சமையலறை எல்லாம் இருட்டு.

"கரண்ட் போயிடுச்சாம்மா?"

"கரண்டெல்லாம் இருக்கு தம்பி. லைட்டு போடத்தான் கை வரமாட்டேங்குது. அந்த ஒரு லைட்டை அணைச்சிருந்தா அவர் இருந்திருப்பாரே."

தண்ணீர் கொடுத்தார். சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, இருட்டில் படியைத் தடவித் தடவி இறங்கி வந்துவிட்டான். அன்று ராத்திரி மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழிலும் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது.

இதுதான் கதை. இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பனுடைய மச்சினன் என்றேனே... அந்த நண்பன் நான்தான். இதைச் சொல்லச் சொன்னதும் அவன்தான். "நீங்க சொல்லிடுங்க மாமா. எனக்கு வாய் வரல. நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டா அப்புறம் அந்தம்மாகிட்ட போய்த்தானே ஆகணும்" என்றான். அதோ, கடைசி டிரெய்லரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாம் இங்கே வந்து மூன்று நாளாக மழை. நம் எல்லோருடைய டிரெய்லர் பேட்டரியும் செத்துக் கிடக்கிறது. அவன் வண்டியில் மட்டும் விளக்கு எரிகிறது, பார்த்தீர்களா?

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த பேட்டரியைக் கழற்றச் சொன்னான். நானே கழற்றினேன். என் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். இதோ சாவி.

நீங்களெல்லாம் போனை எடுத்துக்கொண்டு போய் அவன் வண்டியில் சார்ஜ் போட்டது ஏழரைக்கு.

எடுத்துப் பாருங்கள்... எல்லோருக்கும் நூறு காட்டுகிறதா?