அந்த ரெண்டு கை

— முதல்ல அந்த ஃபேனை நிறுத்து, குட்டி. பேப்பரெல்லாம் பறக்குது. உக்காந்து நிதானமா பேசலாம்.

— நின்னுக்கிட்டே பேசு அண்ணா. என் படத்தைத் திருடும்போது உக்காந்தா எடுத்தே?

— திருட்டுன்னு சொல்லாதே. அது பெரிய வார்த்தை.

— சின்ன வார்த்தை ஏதாவது இருந்தா சொல்லு, அதையே வச்சுக்கறேன்.

— பார்த்தேன், பிடிச்சுது, எடுத்துக்கிட்டேன். போன மாசம் சாப்பிட வந்தப்போ உங்க நர்ஸ் அமைப்புக்கு நீ வரைஞ்ச லோகோ இந்த டேபிள் மேலதான் கிடந்துச்சு. ரெண்டு கை, நடுவுல ஒரு வளையம், நல்ல நீலம். நீ அடுப்படியில இருந்தே. போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

— அவ்வளவுதான். இன்னைக்குக் காலைல பார்த்தா பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல விளம்பர போர்டா மூணு மாடி உயரத்துக்குத் தொங்குது.

— நல்லா இருக்கில்ல?

— என்கிட்டயே கேக்கறியா?

— சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்களேன். எங்கப்பாவை மூணு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கிட்டவங்க நீங்க. இவ என் பேச்சைவிட உங்க பேச்சைத்தான் கேப்பா.

— கேளுங்க தம்பி. உங்கப்பாவுக்கு நான் மூணு வருஷம் கஞ்சி ஊட்டினேன், குளிப்பாட்டினேன், ராத்திரியெல்லாம் முதுகைத் தட்டிக் குடுத்தேன். அந்த மூணு வருஷத்துக்கு உங்க கம்பெனி எனக்கு என்ன சர்டிபிகேட் குடுத்துச்சு?

— அது என் கம்பெனி இல்ல சிஸ்டர். அவங்க வீட்டு நர்ஸுங்களை அனுப்புற கம்பெனி, என்னோட கிளையன்ட். நான் அவங்களுக்கு லோகோ போடுறவன், விளம்பரம் பண்றவன். எனக்கும் உங்க சர்டிபிகேட்டுக்கும் சம்பந்தமே இல்ல.

— இல்லதான். உங்கப்பாவுக்கு என்னைச் சலுகை விலைல அனுப்பினப்போ மட்டும் சம்பந்தம் இருந்துச்சு.

— சிஸ்டர்...

— நான் அங்கிருந்து விலகறேன்னு சொன்னதும் என்ன செஞ்சாங்க தெரியுமா? ‘நீங்க இங்க வேலை பார்த்ததுக்கு ரிக்கார்டே இல்லையே’ன்னு சிரிச்சாங்க தம்பி. இருபது வருஷ அனுபவம் அவங்க பீரோவுக்குள்ள. வேற இடத்துக்குப் போனா, நேத்துப் படிச்சு முடிச்ச பொண்ணுங்களோட சேர்த்து வரிசையில நிக்க வச்சாங்க. என் கால் வலி அவங்களுக்குத் தெரியும், என் அனுபவம் தெரியாதாம்.

— தப்புதான். நான் இல்லைன்னு சொல்லலையே. அதனாலதானே நீங்கெல்லாம் சேர்ந்து அந்த பிளாக்செயின் ஆரம்பிச்சீங்க? அதெல்லாம் எனக்குத் தெரியும்.

— உனக்குத் தெரியாது அண்ணா. விளம்பரத்துல அந்த வார்த்தையைப் பெருசா எழுதத் தெரியும். என்னன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பே.

— சரிம்மா, நீயே சொல்லு.

— சிஸ்டர் எந்த வீட்டுல வேலை பார்த்தாங்களோ அந்த வீட்டுக்காரங்க எழுதிக் கையெழுத்து போடுறாங்க. அப்பாவுக்காக நான் போட்டேன். அது யாரோட பீரோவுக்கும் போகாது. எங்க உறுப்பினருங்க வீட்டுக் கம்ப்யூட்டர் அத்தனையிலயும் பதியும். ஒரு வீட்டுல யாராவது மாத்தி எழுதினா மத்த வீடெல்லாம் காட்டிக் குடுத்துடும். முதலாளி கிடையாது. ஹெட் ஆபீஸ் கிடையாது. எல்லாத்துக்கும் ஓட்டு.

— ஓட்டு! கூட்டத்துல டீயா காபியான்னு கூட ஓட்டு எடுப்பீங்க போல.

— அதுக்கு இன்னும் முடிவு வரல தம்பி. ரெண்டு பக்கமும் சமமா நிக்குது.

— பார்த்தியா குட்டி? இப்படிப்பட்ட இடத்துல உன் திறமையை ஏன் வீணாக்கறே? கீழ லாண்டரி. மேல இந்த ரூம். இஸ்திரி ஆவில சுவரே வேர்த்துப் போயிருக்கு, உன் பேப்பரெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கு. ப்ராக்டிகலா யோசி. எங்க ஆபீஸ்ல டிசைன் ஹெட் சீட் காலியா இருக்கு. உனக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன். கண்ணாடி ரூம். கீழ நாலு பேர் வேலை செய்வாங்க.

— சரி. அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் இல்ல. ஒரு சின்னப் பேப்பர். அந்தப் படத்தோட உரிமை எல்லாத்தையும் எங்களுக்கே குடுக்கறதா ஒரு கையெழுத்து. வக்கீல் கேக்கறார். வரைஞ்சவங்க நாளைக்கு வந்து எதுவும் சொல்லக் கூடாதுல்ல?

— போர்டு ஏறினப்புறம் கையெழுத்து. தாலி கட்டிட்டுப் பொண்ணு பாக்க வந்திருக்கே.

— அவசரம் குட்டி. இன்னைக்குத்தான் ஆப் வெளியாகுது.

— உன் கிளையன்டோட ஆப். அதுலயும் நர்ஸுங்க அனுபவத்தைப் பதிஞ்சு வைக்கலாம். அதுலயும் ரெண்டு கை, ஒரு வளையம்.

— நல்ல ஆப்மா. கஸ்டமர் கேர் எல்லாம் இருக்கு. உங்க சர்டிபிகேட்டெல்லாம் பத்திரமா இருக்கும் சிஸ்டர்.

— எங்க இருக்கும்?

— எங்கன்னா... கம்பெனி சர்வர்லதான்.

— பீரோவுக்குப் புதுப் பேரா தம்பி?

— அண்ணா, நேராவே கேக்கறேன். ஒரு பொண்ணு அந்தப் படத்தைப் பார்ப்பா. நம்ம ஆளுங்க ஆரம்பிச்சதுதான்னு நம்புவா. தன்கிட்ட இருக்கிற பேப்பரையெல்லாம் அதுல ஏத்துவா. நாளைக்குத் திருப்பிக் கேட்டா சிஸ்டரைப் பார்த்துச் சிரிச்ச மாதிரியே சிரிப்பாங்க. அந்த ஏமாறுற பொண்ணுக்காகத்தானே அந்தப் படம் வேணும்?

— எனக்கு இல்ல. கிளையன்டுக்கு.

— ஆமாவா இல்லையா?

— ஆமா. இப்போ என்ன? நீங்க ஒண்ணரை வருஷமா வீடு வீடா போய் நம்பிக்கையைச் சம்பாதிச்சிருக்கீங்க. ரெடிமேடா கிடைக்கும்போது எவனாவது துணி வாங்கித் தைப்பானா? என் தொழில் அது குட்டி.

— போர்டை இறக்கச் சொல்லு.

— முடியாது.

— ஆப்ல இருந்து படத்தை எடுக்கச் சொல்லு.

— முடியாதுன்னு சொல்றேன்ல? அச்சடிச்சது, சட்டையில தைச்சது, வேன்ல ஒட்டினதுன்னு எல்லாம் முடிஞ்சு போச்சு. அம்மாகிட்ட கூடச் சொன்னேன். ‘அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னடா உன்னுது என்னுது’ன்னாங்க.

— சின்ன வயசுல என் கலர் பாக்ஸை நீ எடுத்துட்டுப் போனப்பவும் அதையேதான் சொன்னாங்க. கலர் பாக்ஸ் திரும்பி வரவே இல்ல.

— இன்னும் அதை ஞாபகம் வச்சிருக்கியா?

— கோபம்னு நினைக்காதே. வலிக்குது அண்ணா. நீ என்கிட்ட வந்து கேட்டிருந்தா ஒரு நாள்ல வேற ஒண்ணு வரைஞ்சு குடுத்திருப்பேன். கேக்கணும்னு கூட உனக்குத் தோணலையே.

— சரி, தப்பு. மன்னிச்சுக்கோ. இப்போ கையெழுத்து போடு.

— தம்பி மன்னிப்பு கேக்கிற வேகத்தைப் பார்த்தா ஊசி போடுற மாதிரி இருக்கு. வலிக்காது வலிக்காதுன்னுட்டே குத்திடுறார்.

— சிஸ்டர், கிண்டல் வேண்டாம். இது சட்ட விஷயம். ஒழுங்கா சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. உங்க அமைப்புக்கு ஓனர் யாரு? யாரும் இல்ல. ஆபீஸ்? இல்ல. கோர்ட்டுல வந்து ‘இது எங்க படம்’னு நிக்கிறதுக்கு ஒரு ஆள் உண்டா? இல்ல. யாருக்கும் சொந்தமில்லாததை எடுத்தா அது எப்படித் திருட்டாகும்?

— தெருமுனைப் பொதுக் குழாயைப் பார்த்திருக்கீங்களா தம்பி?

— அதுக்கென்ன?

— அதுவும் யாருக்கும் சொந்தமில்லதான். ஒரு நாள் கழட்டிட்டுப் போய்ப் பாருங்க. தெருவே திரண்டு வந்து முதுகுல டின் கட்டும்.

— திரளட்டும். கிளையன்ட் வாசல்ல ஒரு பட்டாளம் வக்கீல் நிக்குது. குட்டி, நீ கையெழுத்து போடலைன்னா அவங்க உன் மேலதான் கேஸ் போடுவாங்க. உங்க கூட்டத்துல பேர், முகவரியோட இருக்கிற ஒரே ஆள் படம் வரைஞ்ச நீ. நான் அண்ணனா சொல்றேன்.

— அண்ணனா சொல்றியா, அவங்க ஆளா சொல்றியா?

— ரெண்டும்தான்னு வச்சுக்கோ.

— அப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கடைசியா ஒரு தடவை கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. இப்பவே போன் போட்டு, தப்பு நடந்துடுச்சு, இது வேற ஒருத்தர் படம், எல்லாத்தையும் இறக்குங்கன்னு சொல்றியா? உன் கூட நானும் வந்து நிக்கறேன். உனக்குப் புதுசா நானே வரைஞ்சு தரேன். காசு வேண்டாம்.

— மாட்டேன். இறக்க மாட்டேன்.

— சரி. பேனா குடு.

— என்ன?

— பேனா. கையெழுத்து கேட்டியே?

— நிஜமாவா?

— எங்கெங்க போடணும்? இங்கயா? அடுத்த பக்கத்துலயுமா?

— மூணு இடத்துல. சிஸ்டர், நீங்க ஏன் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?

— நான் என்ன சொல்றது? நல்லா அழுத்திப் போடு பாப்பா. சாட்சி வேணுமா தம்பி? நானும் போடுறேன்.

— வேண்டாம்... சரி, போடுங்க. இருக்கட்டும்.

— இந்தா. ரெண்டு கை, ஒரு வளையம், நீலம் எல்லாம் உன்னுது. வக்கீல்கிட்ட பத்திரமா குடு. டிசைன் ஹெட் சீட்டை வேற யாருக்காவது குடு.

— குட்டி, ஏன் இப்படிச் சிரிக்கறே? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. சண்டை போட்டிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்.

— சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல போய் நில்லு அண்ணா. டியூட்டி மாறுற நேரம். எங்க உறுப்பினருங்க நிறையப் பேர் அங்கதான் பஸ் ஏறுவாங்க. உன் போர்டை நிமிர்ந்து பார்த்துட்டு என்ன பேசிக்கறாங்கன்னு கேளு.

— என்ன பேசிக்குவாங்க?

— ‘அட, நாம வேண்டாம்னு சொன்ன படம்ல இது’ன்னு.

— புரியல.

— ஓட்டுல தோத்துப் போன படம் அண்ணா அது.

— பொய். ஓரத்துல ‘ஃபைனல்’னு உன் கையால எழுதியிருந்துச்சு!

— ஃபைனல்னு எழுதினதெல்லாம் ஃபைனலா? உன் கம்ப்யூட்டர்ல எத்தனை ஃபைனல் இருக்கு? நீ போட்டோ எடுத்துட்டுப் போன அடுத்த வாரம் அதை ஓட்டுக்கு விட்டோம். ஒவ்வொரு உறுப்பினர் போனுக்கும் அந்தப் படம் போச்சு. எல்லாரும் பெருசு பண்ணிப் பார்த்தாங்க. வேண்டாம்னு தள்ளிட்டாங்க.

— ஏன்? அதுல என்ன குறை?

— நான் சொல்றேன் தம்பி. எங்க கையைப் படம் போட்டுத்தான் எல்லா ஏஜென்சியும் பிழைக்குது. கையைப் பிடிச்ச படம், கை மேல கை வச்ச படம், கையில இதயம் வச்ச படம். முகம் மட்டும் எங்கயும் இருக்காது. இத்தனை வருஷம் அவனுங்களுக்குக் கையா இருந்தது போதும்னு கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து சொன்னா. அதோட நடுவுல வளையம் வேற. எங்களைக் கட்டிப் போட்டது பத்தலையா?

— அப்போ... ஜெயிச்சது எது?

— இதோ, என் பை மேல வரைஞ்சிருக்கே.

— இதுவா? ஏதோ குழந்தை கிறுக்கின மாதிரி...

— ஸ்டூல் தம்பி. படுக்கைக்குப் பக்கத்துல நாங்க உக்காந்திருக்கிற ஸ்டூல். உங்கப்பாவோட கடைசி மூச்சு வரைக்கும் நான் உக்காந்திருந்தது.

— யார் வரைஞ்சது?

— இது நான் வரைஞ்சது. மத்தவங்க பை மேல இருக்கிறதை அவங்கவங்களே வரைஞ்சாங்க. ஒருத்தியோடதுக்கு மூணு கால்தான்.

— குட்டி, உனக்குப் பைத்தியமா? ஆளாளுக்கு ஒண்ணு வரைஞ்சா அது எப்படி பிராண்ட் ஆகும்? எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்கிறது அரிச்சுவடி!

— ஒரே மாதிரி இருந்தா ஒரு போட்டோல தூக்கிட்டுப் போயிடலாமே! இப்போ எந்த ஸ்டூலைத் தூக்குவே? அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு தெருவுல தொங்கினா, அது நம்மளுது இல்லைன்னு எங்க ஆளுங்களுக்குத் தானா தெரிஞ்சிடும்.

— ஐயோ... இன்னைக்கு லாஞ்ச். சட்டை, வேன், போர்டு... எல்லாம் போச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே!

— இறக்கச் சொல்லி மூணு தடவை கேட்டேன் அண்ணா. சிஸ்டர் சாட்சி.

— நான் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கேன்.

— என் கதையை விடு, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். ஆனா உனக்காக எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. அவ்வளவு சுத்தமான வேலை. எத்தனை நாள் உக்காந்து வரைஞ்சிருப்பே! அதைப் போய் வேண்டாம்னு முதல்ல கை தூக்கின முட்டாள் யாரு? பேரைச் சொல்லு!

— நான்தான். வரைஞ்சு முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பார்த்தேன். அச்சு அசல் நீ வரைஞ்ச மாதிரியே இருந்துச்சு, அண்ணா.