அரிதாரத்துக்கு அரைத்த சிப்பி

உச்சிவெயில். உப்பளத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. காக்கை குருவி இல்லை... சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தேவமணி மட்டும் போய்க்கொண்டிருந்தான். இதோ உட்கார்ந்திருக்கிற நம்ம ஜெபகனியின் தாய்மாமன். இருட்டைப் பார்த்துத்தானே பயப்படுகிறீர்கள்? இது பட்டப்பகலில் பிடித்தது. நெருங்கி உட்காருங்கள்.

நாற்பத்திமூன்றாம் வருஷம், யுத்த காலம். தூத்துக்குடியில் துறைமுகத்து ஆட்களும் கடைக்காரர்களும் கூலி இல்லாமல் கூடி நாடக சபை நடத்தினார்கள். கீற்றுக் கொட்டகைகூட அவர்களே வேய்ந்ததுதான். முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடி கப்பலில் வருவது நின்றுபோயிற்று. தேவமணிக்கு முதல் தடவையாக ராணி வேஷம். பொடி இல்லாவிட்டால் அது வெள்ளைத் தோல் வன்னியபெருமாளுக்குப் போய்விடும்.

“பழைய சிப்பிக் கிடங்குல ஓடு மலையாக் கெடக்கு. அரைச்சு எண்ணெயில கொழைச்சாப் போச்சுலே,” என்றார் சபைக் காரியதரிசி காசிலிங்கம்.

அவருடைய அப்பா அந்தக் கிடங்கில் கங்காணி. முத்துச் சிப்பிகளைக் குவித்து, புழுத்து அழுகவிட்டு, கழுவித்தான் அங்கே முத்தெடுப்பார்கள். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குளிகாரன் ஒருவன் முத்தை விழுங்கிவிட்டானாம்... அவனையும் குவியலுக்குள் தள்ளி, சிப்பியோடு சிப்பியாக அழுகவிட்டுக் கழுவினார்களாம். முத்து கிடைக்கவில்லையாம்.

கிடங்கு மூடிப் பல வருஷம். ஓடெல்லாம் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. ஆனால் தேவமணி அள்ள அள்ள... ஙொய்யென்று ஈச்சத்தம். ஓர் ஈகூட இல்லை. செத்த மீனும் சீழும் கலந்த நாற்றம் அடிநாக்கில் வந்து அப்பிக்கொண்டது. ஓடுகளுக்கிடையே ஒன்று மட்டும் மஞ்சளாக, பல் மாதிரி... பார்க்காதது போல் சாக்கில் போட்டான். வேஷம் பெரிதாயிற்றே! அதுவும் சேர்ந்தே அம்மியில் அரைபட்டது.

சாயங்காலம் ஒத்திகை. தேவமணியின் முகம் முழுக்க அந்தச் சிப்பிப் பூச்சு.

“ஏலே, ராணி குளிச்சு எத்தன மாசம் ஆச்சு? ராசா நாட்டை விட்டே ஓடிருவாருலே!” வன்னியபெருமாள் மூக்கைப் பொத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தேவமணி சிரிக்கவில்லை. கன்னத்துக்குள் ஏதோ நெளிந்தது.

திரைக்குப் பின்னால் ஓடி, பித்தளைச் சட்டித் தண்ணீரில் முகத்தைத் தேய்த்தான். வெள்ளை கரைந்தது. கூடவே தோலும்... வெந்த கிழங்குத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. வலியே இல்லை. தண்ணீரில் அரிசி அரிசியாகப் புழு மிதந்தது.

டிங்.

சட்டியின் அடியில் ஒரு முத்து.

“அண்ணாச்சி... எம் மொகம்...”

ஓடிவந்த காசிலிங்கம் முகத்தைப் பார்க்கவே இல்லை. புழுவுக்குள் கையை விட்டு முத்தை எடுத்தார். வாயில் போட்டு உருட்டி, சூப்பி, மடியில் செருகிக்கொண்டார். பின்னாலேயே வந்த வன்னியபெருமாள் அலறினான்.

“அண்ணாச்சி, வைத்தியரக் கூட்டியாரட்டா?”

அவனை வெளியே தள்ளிப் படலைச் சாத்தினார் காசிலிங்கம். சிப்பி கொண்டுவந்த சாக்கை எடுத்து, தேவமணியின் தலையோடு சேர்த்து மூடினார். நனைந்த சாக்குக்கு மேலே, செத்துப்போன கங்காணி பேசுகிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்:

“அவசரம் என்னலே... இன்னும் ரெண்டு நாள் அழுகட்டும்.”