கொடகொடப்பு

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடும் என்றால் பாதிப்பேர் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பரவாயில்லை. சூடேறும் சில்லின் மேல் ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்து தண்ணீரைக் குழாயில் தள்ளும். மறுமுனையில் ஒரு தகட்டுக்குள் அது ஓட, விசிறிகள் ஊதி ஆற்றும். அதற்குள் காற்று புகுந்தால் கொடகொடவென்று சத்தம் வரும். என் கதை அவ்வளவுதான்.

என் பிழைப்பு குரல். 'படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்' என்று கம்பெனிப் பாடங்களில் ஒருவன் உருகுவான் அல்லவா, அது நான்தான். அழகான குரல், பார்க்க முடியாத முகம். கடவுள் கணக்காகத்தான் கொடுத்திருக்கிறார். அந்தப் பாடம் திரும்பி வந்தது. பின்னணியில் கொடகொடப்பாம். மறுபடியும் அப்படி வந்தால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

கடைக்காரனைக் கூப்பிட்டேன். "தூசிதான் சார், ஊதிட்டா போயிடும்" என்றான். ஊதினான். தூசி என் படுக்கைக்குப் போனது, சத்தம் போகவில்லை. அவனுக்கெல்லாம் கடை வைக்க யார் இடம் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன். வீடு அவனுடையது. பெயின்ட் அடித்து அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. பேச மூச்சில்லை, கிண்டலுக்கு மட்டும் எங்கிருந்தோ வரும்.

"டேய், உன் கம்ப்யூட்டருக்கு வயித்துப்போக்காடா?"

அண்ணி சிரிப்பார். ஒரே கிண்டலுக்குத் தினமும் சிரிக்க ஒரு தனிப் பொறுமை வேண்டும். எனக்கு மைக் வாங்கித் தந்தவன் அவன்தான் என்பதையும் அண்ணி அதே பொறுமையோடு நினைவூட்டுவார்.

நானே உட்கார்ந்தேன். இந்த வேலைக்கு ஒரே வழிதான்: ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எது நின்றால் சத்தம் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. விசிறிகளை நிறுத்தினேன், சத்தம் இருந்தது. பம்பை நிறுத்தினேன், நின்றது. பம்பை அதிக நேரம் நிறுத்தக்கூடாது, சில்லு தாங்காது. உடனே ஓட்டிவிட்டேன். பொருளைப் பாழாக்குகிற ஆள் நானில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆற்றும் தகட்டைக் கீழேயும் பம்பை மேலேயும் மாட்டியிருந்தேன். காற்று மேலேதானே ஏறும்? பம்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. தகட்டை உச்சிக்கு மாற்றி, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து ஓட்டினேன். காற்று தகட்டுக்குப் போனது. கம்ப்யூட்டர் ஊமையானது.

பதிவுசெய்து கேட்டேன். கொடகொடப்பு இருந்தது.

அண்ணனின் மெஷினிலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் உண்டு. ஆக்சிஜன் அதற்குள் குமிழியிட்டுத்தான் அவன் மூக்குக்குப் போகும். அவன் ஒருமுறை சொன்னான்: "என் மெஷினும் உன் மெஷினும் பேசிக்குதுங்கடா. நம்மள விட ஒத்துமையா இருக்குதுங்க." அன்றைக்கும் அண்ணி சிரித்தார்.

மத்தியானம் அண்ணி கதவருகே வந்தார். "தம்பி, மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன். அவரு தூங்கறாரு. மெஷின் ஓடுதான்னு மட்டும் பாத்துக்கங்க."

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. நின்னா எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

அதில் பொய் இல்லை.

அண்ணி போனதும் அடுத்ததை நிறுத்திப் பார்த்தேன். வழிமுறை அதுதான். சத்தம் நின்றது. குற்றவாளி கிடைத்துவிட்டது.

ப்ளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை ஏன் அணைத்தாய் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். பெரிய துப்பு கிடைத்ததுபோல் வேறு முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள். ப்ளக்கைப் பிடுங்கினால் கரண்ட் போய்விட்டதென்று அந்த மெஷின் அலறும். சுவிட்சை அணைத்தால் அலறாது. சத்தம் வேண்டாம் என்றுதானே போனேன்? அலறவிட்டு வருவேனா?

உடனே ஏன் போடவில்லை என்றும் கேட்டீர்கள். பாடம் நீளம். நடுவில் எழுந்தால் குரலின் சுதி மாறிவிடும். அது உங்களுக்குப் புரியாது.

பாடத்தின் நடுவே தட்டும் சத்தம் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணன் பலகையில் அப்படித்தான் தட்டுவான். முதலில் பலமாக, பிறகு மெல்ல, பிறகு விரல் நகம் மட்டும். நான் நிறுத்தவில்லை. படித்து முடித்து, கேட்டு, அந்த இடங்களை ஒட்டுத் தெரியாமல் வெட்டி எடுத்தேன். பிறகு போய் சுவிட்சைப் போட்டேன். அண்ணி வரும்போது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் பாராட்டிப் பதில் போட்டார்கள். வெட்டிய துண்டுகளை நான் அழிக்கவில்லை. எதையும் அழிக்காமல் வைப்பது தொழில் ஒழுக்கம். இப்போது அவை உங்களிடம் இருக்கின்றன. அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாதீர்கள், அது போதும். ஆனால் நல்ல ஹெட்போன் போட்டு ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். பின்னால் கொடகொடப்பு துளிகூட இல்லை.