ராக்கெட்டில் போனவர்களுக்கு மாலை

நான் தேநீருக்குச் சீனி ஒரு கரண்டி கூடப் போடுகிறவன். கதைக்கும் அப்படித்தான். டாக்டர் தேநீரில் சீனியை நிறுத்திவிட்டார். கதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பதுளைக் கச்சேரி அலுவலக வாசலில் மேசை போட்டு, அரசாங்கத்துக்குப் போகிற மனுக்களையும் படிவங்களையும் டைப் அடித்துக் கொடுப்பதுதான் முப்பத்தைந்து வருஷம் என் தொழில். ஹுமைத் நானாவின் மெஷின் சத்தம் கேட்டால்தான் கொஸ்லந்தையில் கொழுந்து துளிர்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வேறு வேலை. புஹாரி முதலாளியின் தியேட்டரில் இங்கிலீஷ் படம் ஓடினால், திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று தமிழில் கதை சொல்வேன். தியேட்டர் திறந்த அன்றைக்குப் போட்ட பழைய ராக்கெட் படத்தை ஒவ்வொரு தை மாதமும் ஆண்டு விழாவாக முதலாளி மறுபடி போடுவார். ஆறு பேர் வேறொரு கிரகத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கழிந்தது ஒரு வருஷம், ஊரில் நூறு. தலைவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுவான். முன்பின் தெரியாத ஒரு கிழவி திறந்து பார்த்து, சாத்திவிடுவாள். படம் முடிந்தது.

ஆறு நாள் விடியுமுன்னே பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்று மலையேறி இறங்கிய சனம், ஏழாம் நாள் இதையா பார்க்க வேண்டும்? ஆகவே, கிழவி மாலை எடுக்க உள்ளே போகிறாள் என்பேன். பின்னால் ஊரே மேளத்தோடு வருகிறது என்பேன். விளக்குப் போடுவதற்குள் ராக்கெட்டில் வந்தவர்களில் இரண்டு பேருக்குக் கல்யாணமும் முடித்துவிடுவேன். சனம் கைதட்டும்.

1970இல் தியேட்டருக்கு வெள்ளிவிழா. பதுளையின் பெரிய மனிதர்கள் எல்லாம் பால்கனியில். கிழவி கதவைச் சாத்தினாள், நான் மாலையை ஆரம்பித்தேன். கேலரியிலிருந்து ஒரு குரல்.

"நானா, கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. அந்தம்மா கதவச் சாத்திட்டுப் போகுது."

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அற்புதராஜ். முப்பது வயது. ஆண்டு விழா ஒன்றையும் தவறவிடாதவன்.

"மால உள்ளுக்குத்தான் ஈக்கி, கொஞ்சம் பொறுங்களே" என்றேன்.

"எட்டு வருசமாப் பொறுத்துட்டேங்க. இன்னும் பூ கட்டி முடியலியா?"

தியேட்டர் இடிந்து விழாததுதான் அதிசயம். புஹாரி முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் சந்தையில் வெற்றிலை விற்கிறவள்கூட "பூ கட்டியாச்சா நானா?" என்றாள். மாதம் முடிவதற்குள் முதலாளி கூப்பிட்டு, "ஹுமைத், இனி மைக் வாணாம். சனத்துக்குக் கண்ணு ஈக்கிதானே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தப்படி, அந்த ஏப்ரல் மாதக் கடைசிக்குள் தோட்டத்துச் சனம் இங்கே இருப்பதா, இந்தியா போவதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அற்புதராஜ், மனைவி இருதயம்மா, தாய் மரியகொரட்டி மூவரும் என் மேசைக்கு வந்தார்கள்.

"இங்கயே இருக்கோம்னு எழுதுங்க நானா. அங்க எங்களுக்கு யாரத் தெரியும்?"

"படத்துல மாதிரி கதவச் சாத்திப்புடுவாங்க" என்று இருதயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். மரியகொரட்டி சிரிக்கவில்லை. அவள் படம் பார்க்கிறவள் அல்ல.

மேசையில் இரண்டு விதப் படிவங்கள் இருந்தன. மரியகொரட்டிக்கு இங்கே இருப்பதற்கான படிவம். மற்ற இருவருக்கும் இந்தியா போவதற்கான படிவம். பெயர், பிறந்த திகதி, லயத்து இலக்கம் எல்லாம் ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். எல்லாம் இங்கிலீஷ். அற்புதராஜ் கையெழுத்துப் போட்டான். இந்த முறை அவன் ஒன்றையும் திருத்தவில்லை.

நாலு வருஷம் கழித்துப் புறப்படச் சொல்லிக் கடிதம் வந்தது. என்னிடம்தான் ஓடி வந்தான்.

"நீங்க எழுதுனத கொழும்புல எவனோ மாத்திப்புட்டான் நானா."

"அப்பிடித்தான் ஈக்கும்" என்றேன்.

அவனுக்காக மூன்று மேன்முறையீடுகள் எழுதினேன். மூன்றும் இன்னும் என் இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். அப்படியொரு இங்கிலீஷை ஊவா மாகாணத்தில் எவனும் எழுதியதில்லை. தபாலில் போட்டிருந்தால் அரசாங்கமே அழுதிருக்கும்.

பதுளை ஸ்டேஷனுக்கு நானே போனேன். இருவருக்கும் சாமந்தி மாலை போட்டேன். "பூ கட்டி முடிச்சிட்டீங்க போல" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. தாயின் கையை விட அவனுக்கு மனமில்லை. ரயில்தான் பிரித்துவிட்டது.

மரியகொரட்டிக்கு எழுத்துத் தெரியாது. கடிதங்கள் என் விலாசத்துக்கே வந்தன. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து நேரே வருவாள்.

முதல் கடிதத்தில், அப்பா சொன்ன ஊருக்குப் போனதாகவும், சித்தப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டதாகவும், முகாமில் இருப்பதாகவும் எழுதியிருந்தான். நான் வாசித்தேன்: "அம்மா, ஊரே மேளத்தோட வந்துச்சு. சித்தப்பா கழுத்துக் கொள்ளாம மால போட்டாரு." அவள் அழுது, மடியிலிருந்த கொய்யாப்பழங்களை என் மேசையில் வைத்தாள். என் ஆயுளில் அப்படி யாரும் கைதட்டியதில்லை.

இரண்டாம் கடிதத்தில் இருதயம்மா காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். மாடு வாங்கியிருக்கிறார்கள் என்று வாசித்தேன். மூன்றாவது ஒரு பாதிரியார் எழுதியது. அற்புதராஜ் முகாமை விட்டு எங்கோ போய்விட்டான், விசாரித்தும் தடம் தெரியவில்லை. ஓட்டு வீடு கட்டிவிட்டான் என்று வாசித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஏழு வருஷமாக நானே எழுதி நானே வாசிக்கிறேன்.

படிவத்தை மாற்றியது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் ஒரு தாய்க்கு இவ்வளவு நல்ல மகனை வேறு யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

இன்றைக்குக் கொஞ்சம் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். நாளை முதல் ஞாயிறு. இருதயம்மாவுக்கு மூன்றாவதும் ஆண் பிள்ளை. பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை.