எடுக்கவா, மூடவா

– முகமூடியைக் கழட்டிட்டுச் சொல்லுங்க டாக்டர். வெறும் கண்ணை மட்டும் பார்த்தா எனக்கு ஒன்னும் புரியல. முடிஞ்சிருச்சா?

– இன்னும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் மயக்கத்துலதான் இருக்கார். வயித்தைத் திறந்து பார்த்தாச்சு. உங்ககிட்ட ஒன்னு கேட்கணும், அதான் வந்தேன்.

– கேளுங்க.

– கட்டி இரைப்பையோட நிக்கல. மண்ணீரல், கணையத்தோட வால், பெருங்குடல்ல ஒரு பக்கம், மூணுலயும் ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்செடுத்தா நோய் உள்ளயே சிந்திடும். எடுத்தா அத்தனையும் சேர்த்து மொத்தமா எடுக்கணும். புரியுதாம்மா?

– அண்ணி, நான் பேசறேன். டாக்டர், நான் அவரோட தம்பி. அண்ணன் தெளிவா சொல்லிட்டார். இரைப்பையோட இருந்தா எடுக்கட்டும், தாண்டிருச்சுன்னா தைச்சு மூடிடட்டும்னு. அண்ணிகிட்ட சத்தியமே வாங்கியிருக்கார்.

– தம்பி, கொஞ்சம் பொறுங்க. பதில் அவங்க வாயால வரணும்.

– கல்லீரலுக்குப் போயிருக்கா டாக்டர்?

– இல்லம்மா. வேற எங்கயும் பரவல. பரவியிருந்தா உங்களைக் கேட்காம நானே மூடியிருப்பேன்.

– இவ்வளவையும் எடுத்துட்டா மனுஷன் எதை வச்சுப் பிழைப்பார்?

– பிழைக்கலாம். குடலை மேல இழுத்து உணவுக்குழாயோட தைப்போம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். சர்க்கரை வரலாம். மண்ணீரல் இல்லாததால, காய்ச்சல் வந்தா அசட்டையா இருக்கவே கூடாது. முதல் சில மாசம் படாத பாடுதான். தையல் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. எல்லாம் நல்லபடியா நடந்தாலும் நோய் திரும்பாதுன்னு என்னால சொல்ல முடியாது.

– மூடிட்டா?

– மருந்து குடுத்து நாளைத் தள்ளலாம். குணமாகாது.

– யோசிங்க அண்ணி. படுத்த படுக்கையா கிடந்த எங்கம்மாவை வருஷக்கணக்கா நீங்கதான் முதுகு ஒடியப் புரட்டிப் போட்டுப் பார்த்தீங்க. அந்தப் பாடு உங்களுக்கு மறுபடியும் வேண்டாம்னுதான் அண்ணன்...

– உங்கண்ணன் என்ன, என் முதுகுக்குக் காவலா?

– அண்ணி, சத்தியம் பண்ணிட்டு...

– சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்த மனுஷன் சொன்ன எதை நான் மறுபேச்சில்லாம கேட்டிருக்கேன்? சுவத்துக்கு நீலம் வேண்டாம்னார், நீலந்தான் அடிச்சேன். இதை மட்டும் கேட்டுடுவேனா? டாக்டர், எடுங்க. ஒட்டினது அத்தனையும் எடுங்க. எழுந்து உட்கார்ந்து என்னை வாய் வலிக்கத் திட்டட்டும்.

– நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?

– எனக்கு அவர் வேணும் டாக்டர். அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெரியல.

– அண்ணன் கண்ணு முழிச்சுக் கேட்டா நான் என்னன்னு சொல்றது? அவர் பேச்சை மீறி நீங்க எப்படி டாக்டர்...

– மீறல தம்பி. மயக்க மருந்து போடறதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட சொன்னது இதுதான்: ‘மொத்தமா எடுக்க எனக்குச் சம்மதம். ஆனா அவளை ஒரு வார்த்தை கேளுங்க. மூடிடுங்கன்னு சொன்னா மூடிடுங்க. அப்படிச் சொன்னதுக்காகப் பின்னாடி அவ மனசு உறுத்தக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். அதையும் மீறி எடுங்கன்னு சொன்னா, தாராளமா எடுங்க டாக்டர். எனக்கு மட்டும் சாக ஆசையா?’