ஜீப் குடித்த தண்ணீர்

மூணாறிலிருந்து சூரியநெல்லி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“குடிச்ச தண்ணியெல்லாம் எங்க போச்சுன்னு தெரிஞ்சிருச்சு” என்றார் அவர்.

யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். அவர் சொன்னது, இரண்டு வருஷமாகப் பழுது பார்த்துவரும் பழைய ஜீப்பை.

“ரேடியேட்டரு, வாட்டர் பம்பு எல்லாம் புதுசுதான? பிறகு ஏன் ஏத்தத்துல கொதிக்குது?” என்று மனைவி கேட்டார்.

“என்ஜின் பிளாக்குல விரிசலு. அது வழியா தண்ணி ஆயில்ல கலந்துருக்கு. பேரிங்கு தேஞ்சு, டொக்கு டொக்குன்னு அடிச்சதும் அதனாலதான்.”

“ஒட்டவைக்க முடியாதா?”

“ஒட்டினாலும் மலையேறாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டான். இந்த மாடலுக்கு வேற பிளாக்கும் கிடைக்கல.”

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“ரிட்டயரானா ஜீப் ஓட்டிப் பொழைச்சுக்கலாம்னீங்க. எஸ்டேட் வீட்டை ஒழிச்சுக் குடுக்க இன்னும் பத்து நாளுதான் இருக்கு.”

“தெரியும்.”

“பெரியவன் வீட்டுக்குப் போயிருவமா?”

“அவனுக்கே ஒத்த ரூமு.”

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்:

“நாளைக்குப் போய் இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன்.”

“விரிசல்னு இப்பத்தான சொன்னீங்க?”

“ஆமா. வீட்டுல உக்காந்து என்ன செய்ய?”