நடுவுல மூணு விரல்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு வீடாம், அந்த ஒரு வீட்டுக்கு ரெண்டு ராஜாவாம்னு வச்சுக்குங்களேன் மேஸ்திரி. கீழ ராஜா நான். மாடி ராஜா எங்கண்ணன். நடுவுல இந்த மரச்சட்டங்கதான் எல்லைக்கோடு. சிரிக்காதீங்க. டார்ச்ச இப்படிக் குடுங்க, நான் புடிக்கிறேன். கை சும்மா இருந்தா எனக்கு என்னவோ பண்ணுது.

இல்லல்ல, கரையான் கெடையாது. தட்டிப் பாருங்க, கணீர்னு இருக்கும். மொத்தம் பத்து சட்டம், எல்லாம் கல்லு. அந்த அஞ்சாவதுதான்... ஆமா, அதேதான். போன செவ்வாக்கிழமை காலைல பல்லு வெளக்கிட்டு இருக்கேன், மடார்னு ஒரு சத்தம். அண்ணாந்து பாத்தா, தொப்பை போட்டுக்கிட்டு நிக்குது. அன்னிலேர்ந்து எனக்கு உக்காந்தா நிக்கணும், நின்னா நடக்கணும்.

எது, வாசல்ல கெடக்குற அலமாரியா? அது சும்மா. போர்வை போத்திதானே வச்சிருக்கேன், கெடக்கட்டும். நீங்க சட்டத்தப் பாருங்க.

இந்தத் தளம் கிரீச் கிரீச்சுனு பேச ஆரம்பிச்சு ஏழு வருஷமாச்சு. யாரு சரி பண்றதுங்கறதுதான் சண்டையே. கீழருந்து பாத்தா என் கூரை, மேலருந்து பாத்தா அவன் தரை. பாகம் பிரிச்ச வக்கீலு, துணி காயப்போடுற கம்பி வரைக்கும் பத்திரத்துல எழுதுனாரு. இத மட்டும் கோட்ட விட்டுட்டாரு.

மேல்பக்கம் கைய விட்டுப் பாருங்க. வெட்டு தெரியுதா? நாலு விரல் ஆழம். அதான்! பாத்ரூம் பைப்பு போக அண்ணன் அறுத்தது. தரைப் பலகைக்குக் கீழ நாலு விரல் என் பாகம்னு அண்ணிகிட்டச் சொன்னானாம். அண்ணி பால்காரர்கிட்டச் சொன்னாங்க, பால்காரர் எங்கிட்டச் சொன்னாரு. எங்க வீட்டுத் தபால் அப்படித்தான் போகும், அப்படித்தான் வரும். அந்த மனுசனும் ரெண்டு வாரம் லீவுல போயிட்டாரு.

என்னது, கீழ்ப்பக்கமா? அங்க ஏதாவது எலி கிலி கடிச்சிருக்கும்.

சரி சரி, எலி இவ்வளவு நேரா ரம்பம் போடாதுதான். அத அப்புறம் சொல்றேன். முதல்ல என்ன பண்ணணும்? ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து, ஜாக்கி வச்சு மெல்லத் தூக்கி, பக்கத்துக்கு ஒரு புதுச் சட்டம் சேத்து போல்ட்டு போடணும். நல்லது. தூக்கும்போது மேல யாரும் நடக்கக் கூடாதா? அங்க இருக்குற தண்ணி டிரம்ம நகத்தணுமா? நியாயம்தான். அப்ப ஒரு எட்டு மேல போயி நீங்களே சொல்லிட்டு வந்துருங்களேன்.

இருங்க. கேக்குதா? தொப்பு... தொப்பு... அது அண்ணன் இல்ல, அவன் நடந்தா யானை வர்ற மாதிரி இருக்கும். அவன் பேத்தி அது. அண்ணன் பொண்ணு கைக்குழந்தையோட வந்து ஒரு மாசமாச்சு. புள்ளைக்கு இப்பத்தான் நடை வந்திருக்கு. ஜன்னல்லேர்ந்து டிரம்மு, டிரம்முலேர்ந்து ஜன்னல். வழி இந்த அஞ்சாவது சட்டத்து மேலதான். அது வர்றப்பெல்லாம் நான் இங்க ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், பந்து புடிக்கிறவன் மாதிரி. ஆறு நாளா இதே பொழப்பு.

வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்தான். சொன்னா, எப்படி ஒடிஞ்சுதுன்னு கேப்பானே?

கீழ் வெட்டு என்னுது மேஸ்திரி. எங்கம்மா அலமாரி என் பங்குக்கு வந்துச்சு. தூக்கி நிமித்துனா, நாலு விரல் இடிக்குது. அலமாரிக் காலக் கொஞ்சம் அறுத்திருந்தா முடிஞ்சுது. ஆனா அவனுக்கு மேல நாலு விரல்னா எனக்குக் கீழ நாலு விரல் இல்லையான்னு ஒரு வீம்பு. சட்டத்த அறுத்தேன். மிச்சம் நடுவுல மூணே மூணு விரல். ரெண்டு பேரும் உரிமை கொண்டாடாதது அதுதான். அதுவும் தாங்கல பாருங்க. வெட்டுக்குள்ள தலையக் குடுத்துக்கிட்டு, இத்தன வருஷமும் அந்த அலமாரிதான் தூணா நின்னிருக்கு. திங்கக்கிழமை நகத்தப் போனா, அசையவே இல்ல. கடப்பாரை போட்டு நெம்புனேன். அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரல, வாசல் வரைக்கும் இழுத்துட்டேன்; மறுநாள் காலைலதான் அந்த மடார்.

எதுக்கு நகத்துனேனா? மேல ஏத்தத்தான். புள்ளைக்குத் துணி வைக்க ஒரு இடமில்லாம அட்டப்பொட்டியில வச்சிருக்காங்கன்னு பால்காரர் போறப்ப சொல்லிட்டுப் போனாரு. சரி, குடுத்துருவோம்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

என்ன, முட்டுக்கட்டைய விட்டு நீங்க நகர முடியாதா? இறுக்கி முடிக்கிற வரைக்குமா?

ம். அப்ப இந்தாங்க, டார்ச்சு. பதினாலு படி, அவ்வளவுதானே. ஏழு வருஷத்துல ஒண்ணும் கூடியிருக்காது. நான் குரல் குடுக்குற வரைக்கும் ஜாக்கியத் தொடாதீங்க. மேல ரெண்டு ஆளு நடக்குற சத்தம் கேட்டா பயப்படாதீங்க, டிரம்ம நகத்துறோம்னு அர்த்தம். அதுல ஒண்ணு நான்தான்.